அத்தியாயம் 7: அசைய மறுக்கும் டிரெயின் போல்ட்

வீட்டு வாசலிலேயே காருக்கு ஆயில் மாற்றுவது எப்படி என்று முந்தைய அத்தியாயத்தில் பார்த்தோம். அந்த வேலையில் பலரும் தடுக்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு. எஞ்சினுக்கு அடியில், ஆயில் சம்ப்பின் தாழ்ந்த முனையில் இருக்கும் டிரெயின் போல்ட்தான் அது. ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் அசையாது. இன்னும் பலமாக இழுத்தால் ஸ்பேனர் வழுக்கும், அல்லது போல்ட்டின் தலை தேயும். இரண்டு மணி நேரம் போராடிவிட்டு, தேய்ந்துபோன போல்ட்டோடு மெக்கானிக்கைத் தேடுவார்கள். இந்த நிலை பெரும்பாலும் தவிர்க்கக்கூடியது.

தொடங்கும் முன் ஒரு கணக்கை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். போல்ட்டும் வாஷரும் மலிவு. சம்ப் அப்படியில்லை, புதிது வாங்கி, பழையதைக் கழற்றி மாட்டுவதற்குள் செலவு ஆயிரக்கணக்கில் போகும். ஆகவே இந்த வேலையில் நாம் காப்பாற்ற வேண்டியது சம்ப்பில் உள்ள மரையை. போல்ட் சிதைந்து குப்பைக்குப் போனாலும் மரை பிழைத்தால் நமக்கு நஷ்டமில்லை. இந்த அத்தியாயத்தின் எல்லா வழிகளும் இந்தக் கணக்கை வைத்தே வரிசைப்படுத்தப்பட்டவை.

ஏன் இப்படி இறுகுகிறது?

துரு பிடித்துவிட்டது என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் இந்த போல்ட்டின் மரை எப்போதும் உள்ளேயிருந்து ஆயிலில் நனைந்துகொண்டே இருக்கிறது. வெளிப்பக்கத்தை வாஷர் அடைத்திருக்கிறது. அதனால் மரைக்குள் துரு ஏறுவது அபூர்வம். உண்மையான காரணங்கள் வேறு.

முதல் காரணம், போன முறை பூட்டியவர் அளவுக்கு மீறி இறுக்கியது. ஹோண்டாவின் பல பெட்ரோல் எஞ்சின்களுக்கு நிறுவனம் சொல்லும் அளவு சுமார் 40 நியூட்டன் மீட்டர். ஹூண்டாயில் பெரும்பாலும் 35 முதல் 45 வரை. 40 நியூட்டன் மீட்டர் என்றால், 30 செ.மீ. நீளமுள்ள கைப்பிடியின் முனையில் ஏறத்தாழ 13.5 கிலோ எடையைத் தொங்கவிட்ட விசை. ஒரு கையால் நிதானமாக இழுத்தாலே வந்துவிடும். இதற்குப் பதிலாக 60 செ.மீ. பைப்பைச் செருகி 60 கிலோ ஆள் முழு எடையையும் போட்டு அழுத்தினால் 350 நியூட்டன் மீட்டர் வரும். தேவையைப்போல ஒன்பது மடங்கு! நியூமேட்டிக் துப்பாக்கியால் பூட்டினாலும் அதே கதைதான்.

இரண்டாவது, பழைய வாஷரையே திரும்பப் போடுவது. காப்பர் அல்லது அலுமினிய வாஷர் முதல் தடவை இறுக்கும்போது நசுங்கி, இரு முகங்களிலும் படிந்து ஆயிலை அடைக்கிறது. நசுங்கியதை மறுபடியும் போட்டால் சொட்டும். சொட்டுவதைப் பார்த்தவர் இன்னும் இறுக்குவார். இப்படி ஒவ்வொரு சர்வீசிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கம் ஏறிக்கொண்டே போகும்.

மூன்றாவது, மரை கோணலாக ஏறியது. நான்காவது, சொட்டுவதை நிறுத்த யாரோ சீலன்ட் பேஸ்ட்டைப் பூசியது. ஐந்தாவதாகத்தான் துரு வருகிறது. அது பிடிப்பது மரையில் இல்லை, வெளியே தெரியும் தலையில். கடலோர ஊர்களில் ஓடும் கார்களிலும், வெள்ளநீரில் நின்ற கார்களிலும் அறுகோணத் தலை துருவால் அரிக்கப்பட்டு அளவில் சிறுத்துவிடும். அப்போது சரியான அளவு ஸ்பேனரே தளர்வாக உட்காரும்.

காருக்கு அடியில் படுக்கும் முன்

ஜாக்கி காரைத் தூக்குவதற்கு மட்டுமே. தாங்கி நிற்பதற்கு இல்லை. ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் ஒரு கையைக்கூட நீட்டாதீர்கள். சமதளமான கான்கிரீட் தரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வையுங்கள். காரைத் தூக்கியதும் எடை தாங்கும் இரண்டு ஸ்டாண்டுகளை, கையேடு காட்டும் இடங்களில் கொடுத்து நிறுத்துங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் திடீரென நொறுங்கும். அவற்றைக் காருக்கு அடியில் வைக்கவே கூடாது. காரைப் பக்கவாட்டில் பிடித்து நன்றாக ஒருமுறை அசைத்துப் பாருங்கள். இறுகிய போல்ட்டை இழுக்கும்போது அந்த விசை முழுவதும் காருக்கும் போகிறது. ஆகவே சாதாரண ஆயில் மாற்றத்தைவிட இன்று இந்தச் சோதனை முக்கியம்.

அடுத்து, கழற்றப்போவது எஞ்சினின் போல்ட்தானா என்று உறுதிசெய்யுங்கள். முன்சக்கர ஓட்டமுள்ள கார்களில் கியர்பாக்ஸும் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்கும் தனியாக ஒரு டிரெயின் போல்ட் உண்டு. "அசையவே இல்லை" என்று பலர் மல்லுக்கட்டுவது கியர்பாக்ஸ் போல்ட்டோடுதான். ஆயில் ஃபில்டர் எங்கே இருக்கிறது, சம்ப் எது என்று டார்ச் அடித்துப் பார்த்து, கையேட்டில் உள்ள படத்தோடு ஒப்பிடுங்கள்.

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்திப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத் தொடங்குங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் நன்றாக வடியும். கொதிக்கும் சூட்டில் கையில் பட்டால் புண்ணாகும். சிலர் கேஸ் டார்ச்சால் போல்ட்டைச் சூடாக்கச் சொல்வார்கள். ஆயில் நிறைந்த சம்ப், ரப்பர் குழாய்கள், பெட்ரோல் லைன் எல்லாம் அருகருகே இருக்கும் இடம் அது. நெருப்பை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

புது போல்ட்டும் இரண்டு வாஷரும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலையில் இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள். நடுவில் ஒரு சாக்கெட்டோ போல்ட்டோ தேவைப்பட்டால் ஸ்பேர்ஸ் கடையும் லேத் பட்டறையும் திறந்திருக்கும் நேரமாக இருக்கட்டும்.

எந்தக் கருவி?

இந்த வேலையின் முக்கால்வாசி வெற்றி, போல்ட்டின் தலையை எது பிடிக்கிறது என்பதில் இருக்கிறது. ஆறு முனை சாக்கெட் வேண்டும். பன்னிரண்டு முனை சாக்கெட்டும் ரிங் ஸ்பேனரும் தலையின் மூலைகளுக்கு அருகில் மட்டும் பிடிக்கும். ஆறு முனை சாக்கெட் பக்கங்களின் மேல் விசையைப் பரப்பும். ஓப்பன் ஸ்பேனர், ஸ்க்ரூ ஸ்பேனர், பிளையர் மூன்றையும் இந்த போல்ட்டின் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

அளவு காருக்குக் கார் மாறும். பல ஹோண்டா, ஹூண்டாய் கார்களில் 17 மி.மீ. தலை, பல டொயோட்டா கார்களில் 14 மி.மீ. ரெனோவின் பல எஞ்சின்களில் வெளித்தலையே இல்லை. உள்ளே 8 மி.மீ. சதுரக் குழி இருக்கும், அதற்குத் தனிக் கட்டை வேண்டும். அதில் வேறு எதையாவது செருகித் திருகினால் குழி உருண்டுவிடும்.

சாக்கெட்டின் வாய் ஓரத்தை உற்றுப் பாருங்கள். போல்ட்டின் மேல் சுலபமாக உட்கார வேண்டும் என்பதற்காக அங்கே உட்பக்கம் சாய்வாகக் கடைந்திருப்பார்கள். டிரெயின் போல்ட்டின் தலை பல கார்களில் மெல்லியது. அந்தச் சாய்வு தலையின் உயரத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுவதால் பிடிமானம் குறைகிறது. ஆழமாகச் சாய்ந்த வாய் இருந்தால், பட்டறையில் கொடுத்து அந்த ஓரத்தைத் தட்டையாகத் தேய்த்து வாங்குங்கள். பிடிப்பு எவ்வளவு கூடுகிறது என்பது முதல் இழுப்பிலேயே தெரியும்.

சாக்கெட்டோடு 45 அல்லது 60 செ.மீ. நீளமுள்ள பிரேக்கர் பார், அரை கிலோ சுத்தியல், கம்பி பிரஷ், துருநீக்கும் ஸ்ப்ரே, டார்க் ரெஞ்ச். இவ்வளவு போதும்.

எந்தப் பக்கம் திருப்புவது?

மல்லாந்து படுத்துக்கொண்டு பார்க்கும்போது வலம் இடம் குழம்பும். இறுகிய போல்ட்டை மேலும் இறுக்கி மரையைக் கெடுத்தவர்கள் ஏராளம். இதற்கு நம் வலது கையே விடை சொல்லும். கட்டைவிரலை, போல்ட் வெளியே வரவேண்டிய திசையில் நீட்டுங்கள். மற்ற நான்கு விரல்களும் எந்தப் பக்கம் மடங்குகின்றனவோ, அந்தப் பக்கம் திருப்பினால் கழலும். போல்ட் கீழ் நோக்கி இருந்தாலும், பின்பக்கமோ பக்கவாட்டோ பார்த்து இருந்தாலும் இது மாறாது.

கழற்றும் வரிசை

1. போல்ட்டின் தலையையும் அதைச் சுற்றியும் கம்பி பிரஷால் தேய்த்து மண், பிசுக்கு, துரு எல்லாவற்றையும் எடுங்கள். தலையில் ஒட்டிய மண் ஒரு மில்லிமீட்டர் இருந்தாலும் சாக்கெட் முழுதாக இறங்காது.

2. தலைக்கும் சம்ப்புக்கும் இடையிலுள்ள விளிம்பில் துருநீக்கி ஸ்ப்ரே அடித்து அரைமணி நேரம் விடுங்கள். வாஷரைத் தாண்டி மரைக்குள் அது போகாது. விளிம்பில் பிடித்த துருவை இளக்குவதுதான் அதன் வேலை.

3. சாக்கெட்டைச் சுத்தியலால் லேசாகத் தட்டி அடிவரை உட்காரவையுங்கள். இந்தத் தட்டல் போல்ட்டுக்கும் ஓர் அதிர்வைக் கொடுக்கும். அலுமினிய சம்ப் விரிசல் விடக்கூடும். அங்கே தட்டல் மென்மையாகவே இருக்கட்டும்.

4. பிரேக்கர் பாரை மாட்டி, ஒரு கையால் சாக்கெட்டின் பின்புறத்தை போல்ட்டோடு சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். மறு கையால் சீராக விசையைக் கூட்டுங்கள். கைப்பிடி தரையோடு ஏறக்குறைய இணையாக இருக்கும்படி அமைத்தால் சாக்கெட் சாயாது. கழன்றதும் கை எங்கே போய் மோதும் என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

5. சீரான இழுப்புக்கு அசையவில்லை என்றால் குறுகிய அடிகளுக்கு மாறுங்கள். பிரேக்கர் பாரின் முனையில், கழலும் திசையில், சுத்தியலால் டக் டக்கென்று அடியுங்கள். மெதுவான பெரிய விசைக்கு மசியாதது சிறிய கூர்மையான அடிகளுக்கு மசியும். பேட்டரியில் ஓடும் இம்பேக்ட் ரெஞ்ச் இருந்தால், கழற்ற மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

6. இரும்புத் தகடு சம்ப்பாக இருந்தால், இறுக்கும் திசையில் ஒரு நூலளவு அசைத்துவிட்டுக் கழற்றும் திசைக்கு மாறிப் பார்க்கலாம். அலுமினிய சம்ப்பில் இதைச் செய்யாதீர்கள். ஏற்கெனவே எல்லைக்கு வந்த மரை அதில் உரிந்துவிடும்.

கை சொல்வதைக் கேளுங்கள்

போல்ட் கொடுக்கும் தகவல் கைப்பிடி வழியாக வருகிறது. மூன்று விதமான உணர்வுகளை நீங்கள் பிரித்தறிய வேண்டும்.

சட்டென்று ஒரு 'டிக்' சத்தம். அதன் பிறகு போல்ட் இலகுவாகச் சுழல்கிறது. இதுதான் நல்ல செய்தி. தலைக்கும் வாஷருக்கும் இடையிலிருந்த பிடி விட்டுவிட்டது. மிச்சத்தைக் கையால் கழற்றலாம்.

சத்தமே இல்லாமல் கைப்பிடி கொழகொழவென்று நகர்கிறது. சாக்கெட்டை எடுத்துப் பார்த்தால், அறுகோணத்தின் மூலைகளில் பளபளப்பான புது இரும்பு தெரிகிறது. தலை தேய ஆரம்பித்துவிட்டது. அந்த நொடியிலேயே நிறுத்துங்கள். இன்னும் ஒரே ஓர் இழுப்பு என்ற ஆசைதான் பாதி தேய்ந்த தலையை முழுதாக உருட்டிவிடும்.

போல்ட் சுற்றுகிறது, ஆனால் சுற்றுக்குச் சுற்று இறுக்கம் குறையவில்லை. மணல் அரைபடுவதுபோல் நறநறக்கிறது. மரையை போல்ட் பிடுங்கிக்கொண்டு வருகிறது என்று பொருள். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று மெதுவாகக் கொண்டுவாருங்கள். அடைத்துக்கொண்ட துகள் நகர இடம் கிடைக்கும்.

தலை தேய்ந்துவிட்டால்

ஒவ்வொன்றாக, இந்த வரிசையிலேயே முயலுங்கள்.

தேய்ந்த போல்ட்டுக்கென்றே எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட் கிடைக்கிறது. அதன் உட்பக்கம் இடப்பக்கமாகச் சுழலும் கூரிய வரிகள் இருக்கும். திருப்பத் திருப்ப இன்னும் ஆழமாகக் கவ்வும். சுத்தியலால் அடித்து ஏற்றி, பிரேக்கர் பாரால் திருப்புங்கள். பெரும்பாலான போல்ட்டுகள் இதிலேயே வந்துவிடும்.

அது கிடைக்காவிட்டால், ஓரளவு சிறிய ஆறு முனை சாக்கெட்டை அடித்து ஏற்றலாம். 17 மி.மீ. தலை தேய்ந்திருந்தால் 16 மி.மீ. சாக்கெட். அதுவும் உட்காரவில்லை என்றால், அரத்தை எடுத்துத் தலையின் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டை இணையாகத் தேய்த்துச் சமதளமாக்கி, அந்த அளவுக்குப் பொருந்தும் ஸ்பேனரைத் தட்டி ஏற்றுங்கள். பொறுமை கேட்கும் வேலைதான். ஆனால் மரைக்கு எந்த ஆபத்தும் இல்லாத வேலை. வைஸ் கிரிப் பிளையர் இதற்குப் பிறகுதான். அதையும் தலை உயரமாக இருந்தால் மட்டும், முழு இறுக்கத்தில் பூட்டிப் பயன்படுத்துங்கள்.

தலையின் ஓரத்தில் உளி வைத்து அடித்துச் சுழற்றும் பழைய முறையும் உண்டு. இரும்பு சம்ப்பில் கடைசி முயற்சியாகச் செய்யலாம். அலுமினியத்தில் வேண்டாம். போல்ட்டின் மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்துக் கழற்றுவதைப் பட்டறைக்கே விட்டுவிடுங்கள்.

சுற்றுகிறது, ஆனால் வெளியே வரவில்லை

மரை முழுதும் போயிருந்தால் போல்ட் ஒரே இடத்தில் சுழன்றுகொண்டிருக்கும். தலைக்கும் சம்ப்புக்கும் இடையில் தட்டை ஸ்க்ரூ டிரைவரைச் செருகி, வெளிப்புறமாக மெதுவாக நெம்பிக்கொண்டே திருப்புங்கள். நெம்பும் விசை கொஞ்சமாகவும் தொடர்ந்தும் இருக்க வேண்டும்.

தகடு சம்ப்பில் இன்னொன்றும் நடக்கலாம். போல்ட்டைத் திருப்பும்போது அதைச் சுற்றியுள்ள தகடும் சேர்ந்து முறுகுகிறதா என்று பாருங்கள். முறுகினால், உள்ளே பற்றவைத்த நட் விடுபடுகிறது. மேற்கொண்டு திருப்பினால் சம்ப் கிழியும். அங்கேயே கையை எடுத்துவிடுங்கள்.

எங்கே நிறுத்துவது?

போல்ட் இன்னும் அசையவில்லை, ஆயிலும் சொட்டவில்லை என்றால் உங்கள் கார் பத்திரமாகவே இருக்கிறது. காரை இறக்கி, டிப்ஸ்டிக்கில் அளவைப் பார்த்துவிட்டு பட்டறைக்கு ஓட்டிப் போகலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தூக்கு மேடையில் நின்றபடி வேலை செய்பவருக்குக் கிடைக்கும் இடவசதியும் நெம்புகோலும் தரையில் படுத்திருப்பவருக்குக் கிடைக்காது.

அவசரமாக ஆயிலை மட்டும் மாற்ற வேண்டுமென்றால், டிப்ஸ்டிக் குழாய் வழியாக மெல்லிய டியூபை இறக்கி வாக்குவம் பம்பால் உறிஞ்சலாம். அடியில் படிந்த கசடு முழுதும் வராது. சில எஞ்சின்களில் டியூப் அடிவரை போகாது. வெளியே எடுத்த ஆயிலை அளந்து, கையேடு சொல்லும் அளவோடு ஒப்பிட்ட பிறகே புது ஆயிலை ஊற்றுங்கள்.

போல்ட் அசைந்த பிறகு சொட்ட ஆரம்பித்து, திரும்ப இறுக்கவும் முடியவில்லை என்றால் காரை ஓட்டக்கூடாது. ஆயில் வடிந்த எஞ்சின் சில நிமிடங்களில் பிடித்துக்கொள்ளும். மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள், அல்லது காரைக் கட்டி இழுக்காமல் ஏற்றிச் செல்லும் வண்டியில் அனுப்புங்கள்.

போல்ட் வந்துவிட்டது, அடுத்தது மரை

வடிந்து முடிந்ததும் போல்ட்டைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். மரையின் பள்ளங்களில் வெள்ளி நிறச் சுருள் சிக்கியிருந்தால் அது சம்ப்பின் அலுமினியம். பழைய வாஷர் போல்ட்டில் ஒட்டியிருக்கலாம், சம்ப்பிலும் ஒட்டியிருக்கலாம். இரண்டு இடத்திலும் தேடி எடுத்துவிடுங்கள். பழையதன் மேல் புதியதைப் போட்டால் நிச்சயம் ஒழுகும்.

புது போல்ட்டை வாஷர் இல்லாமல் விரலாலேயே ஏற்றிப் பாருங்கள். கடைசிவரை தடையின்றி ஏறி, ஆட்டமில்லாமல் நின்றால் மரை நலம். முதல் ஒன்றிரண்டு சுற்று மட்டும் கெட்டிருந்தால், அதே அளவு டேப்பால் மரையைச் சுத்தம் செய்யலாம். 14 மி.மீ. போல்ட்டுக்குப் பெரும்பாலும் 1.5 மி.மீ. பிட்ச், 12 மி.மீ. டொயோட்டா போல்ட்டுகளுக்கு 1.25. பிட்ச் மாறினால் இருக்கும் மரையும் போகும்.

மரை பாதிக்கு மேல் உரிந்திருந்தால் ஹெலிகாயில் போன்ற இன்செர்ட் வைப்பதே நிலையான தீர்வு. ஓவர்சைஸ் போல்ட் மலிவாகக் கிடைக்கும். தானே புது மரை வெட்டிக்கொண்டு ஏறும். கோணலாக ஏறினால் திரும்ப வழியில்லை, அலுமினிய சம்ப் வெடிக்கவும் கூடும். சம்ப்பைக் கழற்றி எடுத்துப் போய் நல்ல லேத் பட்டறையில் இன்செர்ட் வைப்பதுதான் என் பரிந்துரை. இரும்புத் துகள் எஞ்சினுக்குள் போகும் கவலையும் அதில் இல்லை. சம்ப்பையே மாற்ற நேர்ந்தால், சென்னைக்காரர்கள் புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகம் தேடிப் பார்க்கலாம்.

பூட்டும் முறை

அடுத்த முறை இந்த போல்ட் எப்படிக் கழலும் என்பதை இப்போது நீங்கள் பூட்டும் விதம்தான் முடிவு செய்கிறது. ஆகவே கழற்றியதில் காட்டிய பொறுமையைப் பூட்டுவதிலும் காட்டுங்கள்.

சம்ப்பின் முகத்தையும் போல்ட்டையும் சுத்தமான துணியால் துடையுங்கள். புது வாஷர் போடுங்கள். முதல் நான்கைந்து சுற்றை விரலாலேயே ஏற்றுங்கள்; விரலுக்கு ஏறாதது கோணலாக ஏறுகிறது. டெஃப்லான் டேப், சீலன்ட் எதுவும் வேண்டாம். பிறகு டார்க் ரெஞ்சில் கையேடு சொல்லும் அளவை வைத்து, ஒரு 'கிளிக்' வந்ததும் நிறுத்துங்கள். எல்லாக் காருக்கும் ஒரே அளவு கிடையாது. ஃபோக்ஸ்வாகனின் பல எஞ்சின்களுக்கு 30 நியூட்டன் மீட்டர் மட்டுமே; அவற்றில் வாஷர் போல்ட்டோடு இணைந்தே வருவதால் ஒவ்வொரு முறையும் போல்ட்டையே மாற்றச் சொல்கிறார்கள்.

ஆயில் ஊற்றி, எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, போல்ட்டைச் சுற்றி வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். கறை இல்லையென்றால் காரை இறக்கலாம். மறுநாள் காலை கார் நின்ற இடத்தில் தரையையும் ஒருமுறை பாருங்கள்.

பழைய ஆயிலை மூடியுள்ள கேனில் ஊற்றிப் பட்டறையிடமோ அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடமோ கொடுங்கள். 2016-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி பயன்படுத்திய ஆயில் அபாயகரக் கழிவு. சாக்கடையிலும் மண்ணிலும் ஊற்றினால் அது நம் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும்தான் வந்து சேரும்.

கடைசியாக, சர்வீஸ் புத்தகத்தில் ஒரு வரி எழுதுங்கள்: தேதி, ஓடிய கிலோமீட்டர், வாஷர் மாற்றியது, எத்தனை நியூட்டன் மீட்டரில் பூட்டியது. இடையில் வேறு யாராவது ஆயில் மாற்றியிருந்தால் அதையும் குறியுங்கள். அடுத்த முறை அந்தக் குறிப்பைப் பார்த்ததும், பிரேக்கர் பாரையும் உதிரி போல்ட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவீர்கள்.